மூன்றாம் நாள் ராத்திரி யார் வருவது?

பிள்ளை பெற்றவளுக்கு மூன்றாம் நாள் ராத்திரிதான் கடுமையான ராத்திரி. பிரசவ வலியைப் பற்றி எல்லோரும் அவளிடம் சொல்லியிருப்பார்கள். இதைப் பற்றி ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அநேகமாக அன்றைக்குத்தான் மார் நிறையப் பால் இறங்கும். இரண்டு மார்பும் கல்லாக இறுகிவிடும், தொட்டால் உயிர் போகும். இறுகிய மார்பைக் குழந்தையின் வாயால் பற்ற முடியாது. வழுக்கி வழுக்கி விட்டுவிட்டு அது வீறிட்டு அழும். தையல் போட்ட இடம் வலிக்கும், முதுகு வலிக்கும், தூக்கம் இருக்காது. வீட்டில் ஒருத்தர் எழுந்து வந்து சொல்வார்: "இவளுக்குப் பாலு பத்தல. பிள்ள பசியில கெடந்து துடிக்கி. காலையில மொத வேலையா டின்னு பால வாங்கிட்டு வாங்கப்பா." பால் நிறைந்து நிற்கிற அன்றைக்கே பால் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நான் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். சனங்கள் எங்களை நர்ஸம்மா என்பார்கள். "பால் பத்தல" என்ற சொல்லை எத்தனையோ வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறேன். போய்ப் பார்த்தால் பெரும்பாலான வீட்டில் பால் இருந்தது. அந்தப் பாலைக் குழந்தையின் வாய்க்குள் கொண்டுபோகத் தெரிந்த ஆள்தான் பக்கத்தில் இல்லை.

2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 99-க்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் இங்கே 100-க்கு 60. இந்தியா முழுவதுக்கும் அது 42 தான். இதுவரை நமக்குப் பெருமை. அடுத்த கணக்கு வேறு கதை சொல்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை தமிழ்நாட்டில் 100-க்கு 55. இந்தியாவின் சராசரியோ ஏறக்குறைய 64. முதல் மணி நேரத்தில் நாட்டுச் சராசரிக்கு வெகு மேலே நிற்கிற மாநிலம், அதற்கடுத்த மாதங்களில் சராசரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இடையில் நடந்தது ஒன்றுதான், தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போனார்கள்.

சுகப்பிரசவம் என்றால் இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பால் இறங்குவது மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள். சந்தேகமும் வலியும் தொடங்குகிற நேரத்தில் அவளைச் சுற்றி மருத்துவம் தெரிந்தவர் யாரும் இல்லை. அரசு மருத்துவமனையிலிருந்து தாய் சேய் நல ஊர்தி அவளை இலவசமாக வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறது, அது நல்ல ஏற்பாடு. இறக்கிவிட்ட பிறகு அவளைப் பார்க்க யார் வருவது என்பதில்தான் நமக்குத் தெளிவில்லை.

விதி இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2011-ல் கொண்டுவந்த திட்டப்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அது ஏன் நடப்பதில்லை என்பது அந்த வேலையில் இருந்தவளுக்குத் தெரியும். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு. அங்கே இருக்கிற செவிலியேதான் கர்ப்பிணிகளைப் பதிந்து பிக்மி என்ற பதிவு நம்பர் வாங்கித் தரவேண்டும், தடுப்பூசி முகாம் நடத்தவேண்டும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு விவரம் ஏற்றவேண்டும், காய்ச்சல் பரவினால் வீடு வீடாகப் போகவேண்டும், ஒவ்வொன்றையும் பதிவேட்டிலும் கணினியிலும் எழுதவேண்டும். இதற்கெல்லாம் மேலதிகாரி கணக்குக் கேட்பார். ஒரு தாயின் பக்கத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பால் கொடுக்கப் பழக்கினாயா என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்கப்படாத வேலை முதலில் கழன்றுவிடும்.

இன்னொரு சிக்கல் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்குப் போகிறாள். அவளைப் பதிந்திருப்பது புருசன் ஊர் நர்ஸ், பிள்ளை பிறந்து அவள் படுத்திருப்பது அம்மா ஊரில். இந்த நர்ஸ் "அவள் இங்கே இல்லை" என்பாள். அந்த நர்ஸ் "அவள் என் பதிவேட்டில் இல்லை" என்பாள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அந்தப் பெண்ணுக்குத்தான் இரண்டு பேரும் இல்லை. பிறகு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருசன் வீட்டுக்கு வருவாள். புது வீட்டு வேலை, புது ஆட்கள் முன்னால் கூச்சம், வெயிலில் பயணம். அதுவரை ஒழுங்காகப் போன தாய்ப்பால் அந்த வாரத்தில் அறுந்துபோனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு வீட்டுக்குப் போனேன், ஒன்பதாம் நாள். பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். காம்பு இரண்டும் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. பிள்ளை அழுதாலே உடம்பு நடுங்குது என்றாள். நான் முதலில் பிள்ளையைத் தொடவே இல்லை, எப்போதும் கொடுப்பதுபோலக் கொடு என்று சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோனாள். பிள்ளை காம்பின் நுனியை மட்டும் கவ்வியது. சங்கதி அவ்வளவுதான். சுவரோடு தலையணை வைத்துச் சாயவைத்தேன். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றில் ஒட்டும்படி திருப்பினேன். பிள்ளையின் மூக்குக்கு நேராகக் காம்பு வரும்படி வைத்து, அது வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, திறந்ததும் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவரச் சொன்னேன். காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தில் பெரும்பகுதி உள்ளே போகவேண்டும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கவேண்டும், தாடை மார்பில் பதியவேண்டும். முதல் முறை சரியாகப் பற்றவில்லை. பிள்ளையின் கடைவாயில் அவளுடைய சுண்டுவிரலை விட்டுப் பிடியைத் தளர்த்தி எடுக்கச் சொன்னேன். மூன்றாவது முறை பற்றியது. "மடக்கு மடக்கு" என்று விழுங்குகிற சத்தம் கேட்டது. அவள் முகத்தில் இருந்த இறுக்கம் விட்டுப்போனது. "வலிக்கலக்கா" என்றாள்.

இதில் மருந்து இல்லை, கருவி இல்லை, செலவு இல்லை. ஒருத்தியின் நேரம் மட்டும்தான் செலவு. இதைச் சுவரொட்டியால் செய்யமுடியாது, போனில் வரும் வீடியோவால் பாதிதான் முடியும்.

பால் கட்டிக்கொண்ட மூன்றாம் நாளுக்கும் வழி உண்டு. வெதுவெதுப்பான துணியை ஒற்றி, கையால் கொஞ்சம் பாலைப் பீய்ச்சி எடுத்தால் கறுப்பு வட்டம் இளகும். அப்புறம் பிள்ளை பற்றிக்கொள்ளும். கொடுத்து முடித்தபின் குளிர்ந்த துணி போட்டால் வீக்கம் வடியும். மார்பில் ஒரு இடம் சிவந்து காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் போகவேண்டும், அந்த மார்பிலும் பாலை நிறுத்தக்கூடாது. இந்த நாலு விவரம் தெரியாமல் எத்தனை பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் நின்றுபோனது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை.

பால் பத்துகிறதா இல்லையா என்பதை அழுகையை வைத்து முடிவுசெய்யக் கூடாது. பிறந்த அன்றைக்குக் குழந்தைக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவுதான் தேவைப்படும். முதல் நாள் வருகிற சீம்பால் அதற்குப் போதும். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவதும் இயல்பு, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போனால், எடை ஏறினால், பால் பத்துகிறது. இதற்கு மாறாகப் பிள்ளை சோர்ந்து கிடந்தாலும், பால் குடிக்க எழாவிட்டாலும், மூத்திரம் குறைந்தாலும், மஞ்சள் கூடினாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அங்கே டாக்டர் பவுடர் பால் வேண்டும் என்றால் அதைக் கொடுக்கவேண்டும். சில தாய்மாருக்கு உண்மையிலேயே பால் போதாது, சிலருக்கு நோயோ மருந்தோ தடையாக இருக்கும். அவர்களைப் பார்த்துக் குத்திப் பேசுகிற வாயை எனக்குப் பிடிக்காது. பால் வராதவளைக் குற்றவாளியாக்குவது ஆதரவு ஆகாது.

வீட்டுப் பெரியவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பார்கள். குடும்பத்தில் நல்ல குணமுள்ளவர் என்று பேரெடுத்தவர் சர்க்கரைத் தண்ணியோ தேனோ தொட்டு நாக்கில் வைப்பார், அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்ற ஆசையில். அந்த ஆசையில் அன்பு இருக்கிறது. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் நரம்பைப் பாதிக்கிற நச்சு நோயைக் கொடுக்கக்கூடியது. தண்ணி எதுவானாலும் கிருமிக்கு வாசல். இதை நான் ஒருபோதும் மருமகளிடம் சொன்னதில்லை, அவளால் தடுக்கமுடியாது. மாமியாரிடமோ அவள் ஆத்தாவிடமோதான் சொல்வேன். "அம்மா, சேனைக்குப் பதிலா உங்க கையால பிள்ளைய எடுத்து மார்ல வைங்க, உங்க குணம் தன்னால வரும்" என்பேன். சிரித்துக்கொண்டே செய்வார்கள்.

பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்கிற வீடுகள் இப்போதும் இருக்கின்றன. கரிசல் காட்டு வெயிலில் அது கொடுமை. அவளுக்குத் தாகம் எடுக்கிறபோதெல்லாம் குடிக்கவேண்டும். பிள்ளைக்குத்தான் ஆறு மாதம் தண்ணீர் வேண்டாம், சித்திரை வெயிலிலும் வேண்டாம். தாய்ப்பாலில் 100-க்கு 88 பங்கு தண்ணீர்தான். பூண்டும், பால் சுறாப் புட்டும், முருங்கைக்கீரையும் கொடுங்கள், அவளுக்குச் சத்துத்தான். ஆனால் பாலைக் கூட்டுவது அடிக்கடி கொடுப்பதுதான். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று நம் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். பாலைச் சுரக்கவைக்கிற புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம் வேலை செய்கிறது. ராத்திரி ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுத் தூங்கலாம் என்று தொடங்கினால் சில நாளில் பகல் பாலும் குறையும். பாலை வெளியே தள்ளுகிற ஆக்ஸிடோசினை வலியும் பயமும் தடுக்கும். அதனால் "உனக்குப் பால் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்வதே பாலைக் கெடுக்கும்.

புருசன்மார்களும் இதில் உண்டு. பால் கொடுக்க அவர்களால் ஆகாது, மற்ற எல்லாம் ஆகும். ராத்திரி குடித்து முடித்த பிள்ளையை வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கலாம், துணி மாற்றலாம், அவளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கலாம், பிள்ளை பார்க்க வருகிற கூட்டத்தை வாசலில் நிறுத்தலாம். எங்கள் ஊர்ப் பையன்கள் சொல்லிக்கொடுத்தால் செய்கிறார்கள். பிரசவத்துக்கு முந்திய பரிசோதனைக்கு அவர்களையும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

டின் பால் வியாபாரத்துக்குச் சட்டம் இருக்கிறது. 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட அந்தச் சட்டப்படி குழந்தைப் பால் பவுடருக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்யக்கூடாது, இலவச மாதிரி தரக்கூடாது, சுகாதாரப் பணியாளருக்குப் பரிசு தரக்கூடாது, டின்னில் குழந்தையின் படம் போடக்கூடாது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற சீட்டில், விட்டமின் சொட்டு மருந்துக்குக் கீழே, பால் பவுடரின் பெயரும் எழுதி வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். டாக்டர் எழுதிய சீட்டு அது. அதை மீறுகிற தைரியம் எந்தக் குடும்பத்துக்கு வரும்? மருத்துவக் காரணத்தை எழுதாமல் பவுடர் பாலை எழுதுவதைச் சுகாதாரத் துறை கண்டிப்பாகத் தடுக்கவேண்டும்.

சிசேரியன் ஆனவர்களுக்குக் கூடுதல் உதவி தேவை. முன்னால் சொன்ன குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 64. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும், எழுந்து உட்கார முடியாது. ஒருக்களித்துப் படுத்தபடியே கொடுக்கலாம், இல்லை பிள்ளையை அக்குள் பக்கமாக வைத்துக் கொடுக்கலாம், வயிற்றுத் தையலில் படாது. இதைக் காட்ட அந்த வார்டில் ஒரு ஆள் வேண்டும்.

வேலைக்குப் போகிற பெண்களின் நிலைதான் என்னை அதிகம் வருத்துகிறது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் மகப்பேறு விடுப்பு ஓராண்டு. நான் அரசுப் பணியில் இருந்தவள், அதை மனதார வரவேற்கிறேன். 2017-ல் வந்த சட்டத் திருத்தம் மற்ற நிறுவனங்களில் 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்கவேண்டும், பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை தரவேண்டும் என்றும் சட்டம் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் போவது தீப்பெட்டி ஆபிசுக்கு. செய்த வேலைக்குத்தான் கூலி, வராத நாளுக்குக் கூலி இல்லை. முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவியாக 18,000 ரூபாய் வருகிறது, அதில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகமாக. நல்ல திட்டம்தான். ஆனால் ஆறு மாதக் கூலிக்கு அது ஈடாகாது. அதனால் மூன்றாம் மாதமே வேலைக்குப் போகிறாள். பிள்ளை பாட்டியிடம், பாட்டி கையில் பாட்டில்.

அப்படிப்பட்டவர்களுக்கு நான் கையால் பால் எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் கொதிக்கவைத்த எவர்சில்வர் டம்ளரில் எடுத்து மூடி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்தால் நான்கு மணி நேரம் இருக்கும். பிரிட்ஜ் உள்ள வீட்டில் நான்கு நாள் வரை வைக்கலாம். பாட்டி அதைப் பாலாடையில் ஊட்டலாம். பாட்டிலைவிடப் பாலாடையைக் கழுவுவது எளிது, ரப்பர் காம்புக்குப் பழகிப் பிள்ளை மார்பை மறுக்கிற தொல்லையும் இல்லை. நம் வீட்டுப் பரணில் கிடக்கிற அந்தச் சாமானை இன்றைக்குப் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் பயன்படுத்துகிறார்கள்.

பாலூட்டும் அறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுவதும் 352 பேருந்து நிலையங்களில் அவை திறக்கப்பட்டன. நாட்டுக்கே முன்மாதிரியான காரியம். பிறகு நான் போன சில ஊர்களில் அந்த அறையில் பூட்டுத் தொங்கியது, சில இடத்தில் உள்ளே பழைய சாமான் அடைத்திருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. திறந்து, துடைத்து, தண்ணீர் வைக்க, தினமும் ஒரு மணி நேரம் வேலை செய்கிற ஒரு ஆள் போதும்.

அரசிடம் நான் கேட்பது பெரிய கட்டடம் ஏதும் இல்லை. மருத்துவமனையில் ஒவ்வொரு தாயின் பக்கத்திலும் பயிற்சி பெற்ற ஒருத்தி ஒரு முழுவேளை, பிள்ளை பால் குடித்து முடிக்கும்வரை உட்காரவேண்டும். உட்கார்ந்ததை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். வீடு போனபின் முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை, அவள் எந்த ஊரில் படுத்திருக்கிறாளோ அந்த ஊரில், ஒரு ஆள் போய்ப் பார்க்கவேண்டும். பிக்மி நம்பர் தமிழ்நாடு முழுவதுக்கும் ஒன்றுதான், அம்மா ஊர் நர்ஸுக்குச் செய்தி போக அதிலேயே வழி செய்யலாம். ராத்திரியில் பேச ஒரு குரல் வேண்டும். 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் தாய்ப்பாலுக்கென்றே பழகிய செவிலியர்களை உட்காரவைக்கலாம்.

ஆள் எங்கே என்று கேட்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்களாக உள்ளூர்ப் பெண்களே வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே போகிறது. அந்தப் பெண்களில் பலர் பிள்ளை பெற்றுப் பால் கொடுத்து வளர்த்தவர்கள். தெருவும் ஆட்களும் அவர்களுக்கு அத்துப்படி. சில நாள் நேரடிப் பயிற்சி கொடுத்து, இந்த வேலைக்குத் தனியாக ஊக்கத்தொகையும் கொடுத்தால் அவர்கள் திறமையாகச் செய்வார்கள். வீடு தேடிப் போகிறவர்களின் பட்டியலில் பச்சைப்பிள்ளைக்காரியின் பெயரையும் சேர்க்கவேண்டும். இந்த ஆண்டே சேர்க்கவேண்டும்.

உத்தரவு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் தெருவில் யாருக்காவது பிள்ளை பிறந்திருந்தால், டின் வாங்கக் கடைக்கு ஆள் போவதற்கு முன்னால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியருக்கு ஒரு போன் போடுங்கள். வந்து பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அது அவர் வேலைதான், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.